வாரண்டியில் இருந்த பைக், ஜாப் கார்டில் ஏறாத புகார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பால் நிறுவனத்தின் கள ஊழியர் ஒருவருக்கு நடந்தது இது. விடியற்காலையில் கிளம்பி ஊர் ஊராகக் கொள்முதல் நிலையங்களைப் பார்ப்பது அவர் வேலை. நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட வேண்டும். வண்டி நின்றால் அன்றைய சம்பளமும் படியும் நின்றுவிடும். 2023 ஆவணியில் பக்கத்து டவுன் ஷோரூமில் 125 சிசி பைக் ஒன்றைத் தவணையில் எடுத்தார். அந்த மாடலுக்கு ஐந்து வருட வாரண்டி. நிபந்தனை எல்லாக் கம்பெனிகளும் போடுவதுதான்: இலவச சர்வீஸ்களையும் அதற்குப் பிறகு வரும் கட்டண சர்வீஸ்களையும் குறித்த கிலோமீட்டருக்குள், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்திருக்க வேண்டும், வெளியாள் வயரிங்கில் கை வைத்திருக்கக் கூடாது.

நான் ஐ.டி.ஐ.யில் இரு சக்கர வாகனப் பிரிவில் சொல்லிக்கொடுப்பவன். என்னிடம் படித்த ஒரு பையனின் அண்ணன் என்ற முறையில் இவர் என்னிடம் வந்தார். வண்டியையும் காகிதங்களையும் நான் நேரில் பார்த்தேன். சம்பந்தப்பட்ட யார் பெயரையும், கம்பெனி பெயரையும் இங்கே எழுதவில்லை. இதே கதை எந்தக் கம்பெனி வண்டிக்கும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது என்பதால் பெயர் தேவையும் இல்லை.

முதல் அறிகுறிகள்

முதல் இரண்டு இலவச சர்வீஸ்களும் அதே ஷோரூமில், நேரத்துக்கு முடிந்தன. இரண்டாவது சர்வீஸ் 2023 டிசம்பர் கடைசியில். அதற்கான பில்லை ஷோரூம் முத்திரையோடு அவர் வாங்கி வைத்திருந்தார். இந்தக் காகிதம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

பொங்கல் முடிந்த வாரத்தில் வண்டி முதல் தடவையாக ஓட்டத்தில் ஆஃப் ஆனது. ஒரு கொள்முதல் நிலையத்தின் முன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிட்டது. செல்ஃப் போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆனது. அடுத்த பத்துப் பதினைந்து நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இது தொடர்ந்தது. பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது. ஒரு தடவை மட்டும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது. அந்த ஒரு தடவை இருட்டு பிரியாத நேரம். இன்ஜினோடு ஹெட்லைட்டும் போய்விட்டது. பின்னால் வந்த காய்கறி வேன்காரர் சுதாரித்து ஒதுங்கியதால் ஒன்றும் ஆகவில்லை.

ஷோரூமில் நடந்தது

ஜனவரிக் கடைசியில் முதல் தடவை வண்டியைக் கொண்டுபோய் விட்டார். சர்வீஸ் அட்வைசரிடம் எல்லாவற்றையும் வாயால் சொன்னார். ஜாப் கார்டில், அதாவது வண்டியின் புகாரையும் செய்த வேலையையும் ஷோரூம் எழுதி வைக்கும் சீட்டில், ஏறியது இரண்டே சொல்: ‘ஜெனரல் செக்கப்’. மறுநாள் வண்டி வாட்டர் வாஷ் செய்யப்பட்டுப் பளபளவென்று நின்றது. “பெட்ரோல் பிரச்சனைண்ணே. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் ஜாஸ்தி, தண்ணி இழுக்குது. பங்க்கை மாத்திப் பாருங்க” என்றார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் டேங்கில் தண்ணீர் சேர்ந்த வண்டி இழுவை குறைந்து, திணறி, விட்டுவிட்டு ஓடிக் கடைசியில்தான் நிற்கும். சுவிட்சை அணைத்தது போல நின்று, அடுத்த நொடியே பழுதில்லாத வண்டி மாதிரி ஸ்டார்ட் ஆகாது.

பிப்ரவரியில் மறுபடி கொண்டுபோனார். இந்தத் தடவை ப்ளக் மாற்றம், த்ராட்டில் பாடி கிளீனிங் என்று 860 ரூபாய்க்குப் பில். இன்ஜெக்டர் கிளீனர் திரவம் ஊற்றியதற்கு 450 ரூபாய், அதற்குப் பில் கிடையாது. அட்வைசரின் சொந்த போன் நம்பருக்கு யூபிஐயில் அனுப்பச் சொன்னார்கள். பதினாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு, வாரண்டிக்குள், பழுது என்னவென்றே தெரியாமல் செய்த வேலைக்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்கினார்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள் வேறு: “கம்பெனியிலருந்து போன் வரும்ண்ணே, பத்துக்குப் பத்துன்னு சொல்லிருங்க. கம்மியாச் சொன்னா எங்களுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க.” அவர் இரக்கப்பட்டுப் பத்துக்குப் பத்து என்றே சொன்னார். அந்த வாரமே வண்டி மறுபடி ஆஃப் ஆனது.

மார்ச் நடுவில் மூன்றாவது இலவச சர்வீசும் சேர்ந்து வந்ததால் வண்டியை நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுத்தபோது ஜாப் கார்டில் எழுதியிருந்தது: ‘ரோடு டிரையல் ஓகே. ஸ்கேனரில் எர்ரர் இல்லை.’ வண்டியை விடும்போது அதே கார்டில் குறித்த கிலோமீட்டர் 11,482. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மீட்டரை அவர் போட்டோ எடுத்திருந்தார்: 11,488. ஷோரூமிலிருந்து அவர் வீடு ஆறு கிலோமீட்டர். அதாவது நான்கு நாளில் அந்த வண்டி ஷோரூம் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

சும்மா எடுத்த அந்தப் போட்டோ பின்னால் எந்த வாதத்தையும்விட அதிகம் பேசியது.

பழுதைத் தேடியது

ஏப்ரலில் அவர் என்னிடம் வந்தபோது ஊர் மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: “தம்பி, ஒரு வயரைப் போட்டு நேரா இழுத்து விட்டா ஓடிரும்ல.” அவர் சொன்னதில் தொழில் அறிவு இருந்தது, பழுது எங்கே என்று அவர் கிட்டத்தட்ட ஊகித்துவிட்டார். ஆனால் வயரிங்கில் ஒரு ஒட்டு விழுந்தால் மீதமுள்ள நாலு வருட வாரண்டியும் அந்த ஒட்டிலேயே போய்விடும். அதனால் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்தோம்.

நான் கேட்ட முதல் கேள்வி, “நிக்கும்போது மீட்டர் என்ன செய்யுது?” என்பதுதான். இன்ஜின் நின்று மீட்டர் எரிந்துகொண்டிருந்தால் தேட வேண்டிய இடம் ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், சென்சார் என்று ஒரு பக்கம். மீட்டரும் சேர்ந்து போனால் பாட்டரி இணைப்பு, மெயின் ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்ச் என்று இன்னொரு பக்கம். இந்த ஒரு பதிலில் பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம். அவர் யோசித்துச் சொன்னார்: “சாவியைத் தொடவே இல்ல சார். ஆனா புதுசா சாவி போட்ட மாதிரி மீட்டர்ல எல்லாம் ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சுது.” சாவியை ஆன் செய்ததும் மீட்டர் எல்லா விளக்கையும் ஒருமுறை எரியவிட்டுக் காட்டும் மாடல் அது. சாவியைத் தொடாமல் அப்படிக் காட்டியது என்றால், சாவி வழியாக வரும் மின்சாரமே ஒரு கணம் அறுந்து மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தகவலை அவர் ஷோரூமிலும் சொல்லியிருக்கிறார். எந்தக் கார்டிலும் அது இல்லை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்ட்பாரை இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் பூட்டுவரை திருப்பி, சாவித் துவாரத்துக்குக் கீழே போகும் வயர்க்கட்டை விரலால் லேசாகத் தள்ளியதும் மீட்டர் அணைந்தது, இன்ஜின் நின்றது. ஹேண்ட்பாரை நேராக்கியதும் மீட்டர் தானே உயிர்பெற்றது.

காரணம் எளிமையானது. இந்த வகை வண்டிகளில் இக்னிஷன் பூட்டு ஹேண்ட்பாரோடு சேர்ந்து திரும்பும்; அதிலிருந்து இறங்கும் வயர் போய்ச் சேரும் வண்டிச் சட்டமோ (ஃப்ரேம்) திரும்பாது. ஒவ்வொரு திருப்பத்திலும் வயர் மடங்கி நிமிர்கிறது. போதிய தொய்வு விட்டுக் கட்டியிருந்தால் வருடக்கணக்கில் தாங்கும். வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டையை இறுக்கிக் கட்டிவிட்டால் மடிப்பு முழுக்க ஓர் அங்குல நீளத்தில் விழும். உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலே இருக்கும் ரப்பர் உறை முழுசாகவே இருக்கும். கண்ணால் பார்த்தால் நல்ல வயர். தடவிப் பார்த்தால்தான் அந்த ஓர் இடம் மட்டும் துவண்டு கிடப்பது தெரியும். மெதுவாகத் திரும்பும்போதே வண்டி ஆஃப் ஆனதற்கும் இதுதான் விளக்கம். வேகமாகப் போகும்போது ஹேண்ட்பாரை யாரும் அவ்வளவு திருப்புவதில்லை.

வண்டி பதிவு செய்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் ஏன் எதையும் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 எனப்படும் புகை மாசுக் கட்டுப்பாட்டின் இரண்டாம் கட்ட விதிகளின்படி வரும் வண்டிகள் தங்கள் கோளாறுகளைத் தாங்களே கண்காணித்துப் பதிவு செய்பவை. ஆனால் பதிவு செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கே சாவி வழியாக வரும் மின்சாரம் நின்றால், யாரோ சாவியை அணைத்துவிட்டார்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். இந்தப் பழுதுக்கு எர்ரர் கோடு வராததில் ஆச்சரியமில்லை. ‘கோடு இல்லை, அதனால் கோளாறு இல்லை’ என்ற ஷோரூமின் முடிவு அடிப்படையிலேயே தவறு. இன்றைக்குப் பயிற்சிக்கு வரும் பையன்களிடமும் இந்தப் பழக்கம் வளர்வதைப் பார்க்கிறேன். ஸ்கேனரை மாட்டும் கை, வயரைத் தடவிப் பார்க்கத் தயங்குகிறது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்றே அதை வீடியோ எடுத்தோம். நம்பர் பிளேட்டில் தொடங்கி, மீட்டரில் கிலோமீட்டரைக் காட்டி, ஹேண்ட்பாரைத் திருப்பி, இன்ஜின் நிற்பதுவரை வெட்டாமல் ஒரே ஓட்டம். எப்போதாவது மட்டும் வரும் பழுதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஷோரூம் ஆள் முன்னால் அது வர மறுக்கலாம், வீடியோவில் மறுக்காது.

அடுத்து, இருட்டில் அந்த வண்டியை ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். விளக்கும் சேர்ந்து போகும் பழுது என்பதால் இதில் விவாதமே இல்லை. விடியற்காலை நடைக்குத் தம்பியின் மொபெட்டை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது: இனி எதையும் வாயால் சொல்வதில்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று ஜாப் கார்டுகளின் படம், 860 ரூபாய் பில், 450 ரூபாய் யூபிஐ ரசீது, கிலோமீட்டர் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து. வந்த முதல் பதில்: ‘எங்கள் பதிவுகளின்படி பிப்ரவரி சேவையில் தாங்கள் முழுத் திருப்தி தெரிவித்திருக்கிறீர்கள்.’ இரக்கப்பட்டுக் கொடுத்த பத்துக்குப் பத்து அவருக்கு எதிராகவே திரும்பியது. ஷோரூம் ஊழியர் கேட்டுக்கொண்டதால்தான் அப்படிச் சொன்னதாகவும், அதே வாரம் பழுது திரும்ப வந்ததாகவும் பதில் எழுதினோம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலேயே புகாரைப் பதிந்து, அந்தப் பதிவு எண்ணையும் மின்னஞ்சலில் சேர்த்தோம். உதவி எண்ணுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் ஷோரூமைத் தாண்டி யார் மேசைக்காவது அது போய்ச் சேர்கிறது.

நான்காவது, அந்த ஷோரூமுக்கே திரும்பப் போவதா என்ற கேள்வி. அவருக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. வாங்கிய இடம், அவர்கள்தானே பொறுப்பு என்ற எண்ணம். வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் படித்தோம். கம்பெனி அங்கீகரித்த எந்த சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி செல்லும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. வாரண்டியைக் கொடுப்பது கம்பெனி. ஷோரூம் அதை நிறைவேற்றும் இடம் மட்டும். ‘வாங்கின இடத்துலதான் பார்க்கணும்’ என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பலரை ஒரே வாசலில் கட்டிப்போட்டிருக்கிறது.

இரண்டாவது ஷோரூம்

மே மாதம், சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த அதே கம்பெனியின் இன்னொரு ஷோரூமுக்குப் போனார். அட்வைசர் வழக்கம்போல ‘ஸ்டார்டிங் பிராப்ளம்’ என்று எழுதத் தொடங்கினார். இவர் கையோடு கொண்டுபோன துண்டுச் சீட்டைக் கொடுத்து அப்படியே எழுதச் சொன்னார்: ‘ஹேண்ட்பாரை வலதுகோடிக்குத் திருப்பும்போது மீட்டர், ஹெட்லைட், இன்ஜின் மூன்றும் ஒன்றாக அணைகின்றன. ஜனவரி முதல் இதே புகார். வீடியோ உள்ளது.’ எழுத இடம் போதவில்லை என்றதும் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அங்கே இருந்த மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். வீடியோவைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள மூடியான டூமைக் கழற்றி, கழுத்துப் பக்கம் கையை விட்டு, “இங்க பாருங்க, டை எப்படி இறுக்கியிருக்கு” என்றார். டையை வெட்டியதும் வயர் அந்த இடத்தில் மடிந்த தடத்தோடு நின்றது. மல்ட்டிமீட்டரை வைத்து வயரை வளைத்தார். இணைப்பு வந்து வந்து போனது. ஜாப் கார்டில் ‘இக்னிஷன் சுவிட்ச் வயர் உள்ளே அறுந்துள்ளது’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட வரிதான் இந்த விவகாரத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆவணம். மொத்தமும் அரை மணி நேர வேலை.

இவ்வளவு எளிய வேலையை முதல் ஷோரூம் ஏன் செய்யவில்லை? அங்கே திறமையான ஆளே இல்லை என்று நான் நினைக்கவில்லை. வாரண்டி வேலைக்கு ஷோரூமுக்குக் கம்பெனி தருவது முன்பே நிர்ணயித்த கூலி. பாகத்தை மாற்றினால் கூலி உண்டு. மாற்ற வேண்டிய பாகம் எது என்று தேடும் நேரம் பெரும்பாலும் ஷோரூமின் கணக்கில்தான் விழும். காசு கொடுத்து வரும் சர்வீஸ் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, எப்போதாவது நிற்கும் வாரண்டி வண்டி ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. காரணம் புரிகிறது. அதற்காகப் பார்க்காத வண்டியில் ‘ரோடு டிரையல் ஓகே’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அந்த வரியை நம்பி ஒருவர் இருட்டில் நெடுஞ்சாலைக்குப் போகிறார்.

வாரண்டி மறுக்கப்பட்டது

பாகத்துக்கான கோரிக்கையை இரண்டாவது ஷோரூம் கம்பெனியின் கணினியில் ஏற்றியது. மறுநாளே நிராகரிப்பு. காரணம்: ‘இரண்டாவது இலவச சர்வீஸ் செய்யப்படவில்லை.’

சர்வீஸ் செய்யப்பட்டது. அதை முதல் ஷோரூம் கணினியில் ஏற்றவே இல்லை. டிசம்பர் மாதக் கடைசி, வருடக் கடைசி என்ற நெருக்கடியில் விட்டுப்போனதா, வேறு காரணமா என்பது வெளியே வரவில்லை. கம்பெனியின் பார்வையில் இவர் நிபந்தனையை மீறியவர். ஐந்து வருட வாரண்டியும் ஒரு விடுபட்ட பதிவில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வயர்ப் பழுது வராமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது. நாலாவது வருடம் இன்ஜினில் பெரிய செலவு வரும்போதுதான் தெரிந்திருக்கும். அதற்குள் அந்தப் பில் எங்கே போயிருக்குமோ.

முத்திரை போட்ட டிசம்பர் பில், சர்வீஸ் புத்தகத்தில் கூப்பன் கிழித்த அடிக்கட்டை, இரண்டையும் படமெடுத்து அதே மின்னஞ்சல் தொடரில் அனுப்பினார். இதற்கிடையில் இரண்டாவது ஷோரூம் ஒரு வழி சொன்னது: 1,700 ரூபாய் சொச்சம் கட்டினால் பாகத்தைப் போட்டு நாளைக்கே வண்டியைத் தந்துவிடுகிறோம். வேலைக்குப் போக வேண்டியவருக்கு அது பெரிய சபலம். உட்கார்ந்து பேசினோம். காசு கொடுத்து மாற்றிவிட்டால், பழுது தன் பொறுப்பு இல்லை என்ற கம்பெனியின் நிலையை ஏற்றுக்கொண்டது போல ஆகிவிடும் என்பது ஒரு பக்கம். மொபெட்டை எத்தனை நாள் தம்பியிடமிருந்து பிடுங்கி வைத்திருப்பது என்பது இன்னொரு பக்கம். ஒரு வாரம் பொறுப்பது, அதற்குள் பதில் வராவிட்டால் ‘ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு’ என்று பில்லிலேயே எழுதிக் காசு கட்டுவது என்று முடிவானது.

வழக்கா, நோட்டீஸா

அந்த வாரத்திலேயே முதல் ஷோரூமுக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. வக்கீல் வைக்கவில்லை, தேவையும் இல்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நுகர்வோர் தானே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. பிரச்சனை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் காலக்கெடு. பில் கொடுக்காமல் காசு வாங்குவதை அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்த 450 ரூபாய் சின்னத் தொகை என்று விடாமல் நோட்டீசில் தனிப் பத்தியாக எழுதினோம்.

கேட்டது நான்கு: பாகத்தை இலவசமாக மாற்ற வேண்டும், வாங்கிய 1,310 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், விடுபட்ட சர்வீசைக் கணினியில் ஏற்றி எழுத்தில் உறுதி செய்ய வேண்டும், வேலை இழந்த நாட்களுக்கு இழப்பீடு வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். மற்றவை இந்தப் பழுதோடு முடிபவை. அது மீதி வாரண்டி முழுவதையும் தாங்கி நிற்பது.

முதலிலேயே வழக்குப் போடாததற்குக் காரணம் இருந்தது. பொருளில் குறை என்று சொன்னால், தேவைப்பட்டால் ஆணையம் அதைச் சோதனைக்கு அனுப்பலாம். அதுவரை பழுதை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றால் இவர் பிழைப்பு நடக்காது. பழுதைச் சரிசெய்துவிட்டால் ஆதாரம் போய்விடும் என்ற பயத்துக்கு எங்களிடம் பதில் இருந்தது: கம்பெனி அங்கீகரித்த ஷோரூமின் மெக்கானிக்கே எழுதிக் கையெழுத்திட்ட ஜாப் கார்டு. வாரண்டியில் மாற்றிய பழைய பாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்பதால், அதைக் கழற்றும்போதே படம் எடுக்கச் சொல்லி வைத்தோம்.

என்ன ஆனது

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த சில நாட்களில், குறித்த ஒரு வாரம் முடிவதற்கு முன், கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் போன் செய்தார். வாரண்டிக் கோரிக்கை ஏற்கப்பட்டது. பாகம் வர இன்னும் சில நாள் ஆனது. ஜூனில் வயரோடு சேர்த்து இக்னிஷன் சுவிட்ச் மாற்றப்பட்டது. கழுத்துப் பக்கம் வயர் தொய்வு விட்டுக் கட்டப்பட்டது. அதற்குப் பிறகு வண்டி ஒரு தடவைகூட அப்படி நிற்கவில்லை.

முதல் ஷோரூம் 1,310 ரூபாயைத் திருப்பித் தந்தது. தருவதற்கு முன் ஒரு கடிதத்தை நீட்டினார்கள்: ‘என் புகார்கள் அனைத்தும் முழுத் திருப்தியாகத் தீர்க்கப்பட்டன, எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.’ அவர் கையெழுத்துப் போடவில்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டதாக மட்டும் ஒரு வரி தன் கையால் எழுதிக் கொடுத்தார். சர்வீஸ் பதிவு கணினியில் ஏறிவிட்டதாக மேனேஜர் போனில் சொன்னபோதும், மின்னஞ்சலில் வரட்டும் என்று காத்திருந்தார். வந்தது.

இழப்பீடு கிடைக்கவில்லை. பதிலாக ஓர் இலவச சர்வீஸ் தருகிறோம் என்றார்கள்; அவர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்காக மட்டும் ஆணையத்துக்குப் போகலாமா என்று பேசினோம். போக வேண்டும் என்பது என் கருத்து. மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாமல் ‘ரோடு டிரையல் ஓகே’ என்று எழுதிய கார்டு ஓர் ஆணையத்தின் முன்னால் போயிருக்க வேண்டும். அவரோ வேலையையும் வீட்டையும் கணக்குப் பார்த்து, வேண்டாம் சார் என்றார். வாய்தாவுக்கு அலைவதும் அவருக்கு ஒரு நாள் சம்பளம்தான் என்பதால் நான் வற்புறுத்தவில்லை.

மாற்ற வேண்டியவை

இன்னொருவர் இதே நிலையில் வந்தால் நான் முதலில் மாற்றச் சொல்வது ஜாப் கார்டை. புகாரை வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோய், அதே சொற்களில் கார்டில் ஏற்றச் சொல்லி, ஒரு நகலை வாங்கிய பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். எப்போது, எந்தச் சூழ்நிலையில், கூடவே வேறு என்ன அணைந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஜனவரியிலேயே ‘மீட்டரும் அணைகிறது’ என்ற சொற்கள் கார்டில் ஏறியிருந்தால் ஷோரூமால் பெட்ரோலைக் காட்டித் தப்பித்திருக்க முடியாது. கம்பெனிக்கும் ஒரே புகார் மூன்று தடவை வந்திருப்பது பதிவிலேயே தெரிந்திருக்கும். விடும்போதும் எடுக்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் அது கம்பெனிக் கணினியில் ஏறியதா என்று அங்கேயே பார்க்க வேண்டும். பல கம்பெனிகளின் செயலியில் சர்வீஸ் வரலாறு தெரிகிறது. இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன். இவர் இப்போது இரண்டாவது ஷோரூமிலேயே கட்டண சர்வீஸ் செய்கிறார், பதிவு ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

ஷோரூமின் பக்கத்திலும் கம்பெனியின் பக்கத்திலும் மாற வேண்டியது இன்னும் பெரியது. ஒரே வண்டி ஒரே புகாருக்காக இரண்டாவது தடவை வந்தாலே அது மூத்த மெக்கானிக் கைக்குப் போக வேண்டும். தேடும் நேரத்துக்கும் கம்பெனி கூலி கொடுக்க வேண்டும். சர்வீஸ் முடிந்த மறுநாளே போன் செய்து மதிப்பெண் கேட்பதையும் நிறுத்த வேண்டும். எப்போதாவது வரும் பழுது சரியானதா என்பது மறுநாள் யாருக்கும் தெரியாது. பத்துப் பதினைந்து நாள் ஓட்டிய பிறகு கேட்டால் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் இருக்கும். நோட்டீசின் கடைசிப் பத்தியில் இதையும் எழுதியிருந்தோம். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் போட்ட கம்பெனி, அந்தப் பத்திக்கு மட்டும் இதுவரை பதில் தரவில்லை.